கொடை வினா

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து இந்த ஒலிவாங்கி முன் வந்து நின்றது வரை என்னிடம் நான்கு பேர் பேசினார்கள். காவலாளி, “என்ன வெக்கை சார்! ஒரு மழை பேஞ்சாத்தான் அடங்கும்” என்றார். நூலகர், “டீ சாப்பிட்டீங்களா?” என்றார். என்னிடம் எப்போதோ படித்த மாணவர் ஒருவர், “அய்யா, உங்க தெருவுல தண்ணி ஒழுங்கா வருதா?” என்று விசாரித்தார். முன்வரிசை அம்மா ஒருவர், “எட்டு மணிக்குள்ள முடிச்சிருவீங்கல்ல? சீரியல் இருக்கு” என்றார்.

வெக்கை, டீ, தண்ணீர், சீரியல். இந்த நான்கிலும் எனக்குப் புதிய செய்தி எதுவும் கிடையாது. வெக்கை என் சட்டைக்கே தெரியும். ஆனாலும் இந்த நான்கு பேரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அழைப்பில்லாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் போலக் கூசிப்போயிருப்பேன். இன்றைய பேச்சு அந்த நான்கு வாக்கியங்களைப் பற்றியதுதான்.

தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர், “இதுல பேச என்ன சார் இருக்கு?” என்று தயங்கினார். அவர் தயக்கத்துக்குப் பின்னால் வள்ளுவரே நிற்கிறார். திருக்குறளின் 20ஆவது அதிகாரம் ‘பயனில சொல்லாமை’. பயனில்லாமல் பேசுகிறவனைப் பத்துக் குறளிலும் விடாமல் கடிந்துகொள்கிறார். வகுப்பில் சளசளத்த பிள்ளைகளை நானும் 36 ஆண்டுகள் அந்த அதிகாரத்தைக் காட்டித்தான் அடக்கினேன். ஆனால் அதே வள்ளுவரின் அதிகார வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து. கடவுளைக் கும்பிட்ட கையோடு, இரண்டாவது அதிகாரத்தில் மனிதர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். ஒன்பதாவதில் வந்தவரை உட்காரவைத்துச் சோறு போடச் சொல்கிறார். பத்தாவதில் இனிமையாகப் பேசச் சொல்கிறார். பயனில்லாத பேச்சைக் கண்டிக்க அவருக்கு இருபதாவது அதிகாரத்தில்தான் நேரம் கிடைக்கிறது. அப்படியென்றால் மழையையும் சோற்றையும் பற்றிய நம் அன்றாடப் பேச்சை அவர் எந்தக் கணக்கில் எழுதுவார்? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு மாணவியால். பத்தாம் வகுப்பு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வினா ஆறு வகை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த வகை. இங்கே இருக்கும் பலர் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். நினைவூட்டுகிறேன். விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் “பருப்பு இருக்கிறதா?” என்பது போல, பெற்றுக்கொள்ளக் கேட்பது கொளல் வினா. கொடுக்கும் எண்ணத்தோடு, “உனக்கு மாற்றுத்துணி இல்லையா?” என்று கேட்பது கொடை வினா. “பாடம் படித்தாயா?” என்று கேள்வி வடிவத்தில் வேலை ஏவுவது ஏவல் வினா.

கரும்பலகையில் இதை எழுதிவிட்டுத் திரும்பினால் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். “அய்யா, எங்க ஆயா திண்ணையில உக்காந்துகிட்டுத் தெருவுல போற எல்லாரையும் ‘சாப்ட்டியா, சாப்ட்டியா’ன்னு கேக்குது. அது எந்த வினா?”

வகுப்பே சிரித்தது. “அறியா வினா. உட்கார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்த விடை தவறு. எவ்வளவு தவறு என்று விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்று நான் செய்வது சொற்பொழிவு என்பதைவிட, விடைத்தாள் திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் நியூ கினியாவுக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் அந்த மக்களோடு தங்கியிருந்தார். அங்கே கேட்டதையும் ஐரோப்பிய வரவேற்பறைகளில் கேட்டதையும் ஒப்பிட்டு, 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இந்த வகைப் பேச்சுக்கு ஒரு பெயர் வைத்தார். நாம் அதை உறவுப் பேச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். பேசாமல் எதிரே நிற்கிற அந்நியன் அச்சம் தருகிறான். இரண்டு வார்த்தை பேசிவிட்டால் அச்சம் கலைகிறது. அந்தப் பேச்சில் செய்தி முக்கியமில்லை, பேசுவதே முக்கியம் என்பது அவர் கருத்து. 1960இல் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதை இன்னும் நீட்டினார். தொலைபேசியில் “ஹலோ, கேக்குதா?” என்கிறோமே, அதுபோல இருவருக்கும் இடையே உள்ள கம்பி அறுந்துவிடவில்லை என்று சரிபார்க்கிற வேலையை மொழி செய்கிறது என்றார். நம் “அப்புறம்…?” என்ற சொல்லை அவர் கேட்டிருந்தால் கட்டித் தழுவியிருப்பார். பேச விஷயம் தீர்ந்துபோன பிறகும் தொலைபேசியை வைக்க மனமில்லாத இரண்டு தமிழர்கள், “அப்புறம்?” “நீதான் சொல்லணும்” “வேற என்ன விசேஷம்?” என்று கால் மணி நேரம் ஓட்டுவார்கள்.

எல்லாம் சரி. ஆனால் மாலினோவ்ஸ்கியிடம் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. எதைப் பேசினாலும் ஒன்றுதான் என்றால், நாம் ஏன் குறிப்பாகச் சோற்றைக் கேட்கிறோம்? இங்கிலாந்தில் இருவர் சந்தித்தால் முதலில் வானிலையைத்தான் பேசுவார்கள் என்று சாமுவேல் ஜான்சன் 1758லேயே கேலி செய்தார். நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது சாப்பாடு. சீனத்திலும் பழைய தலைமுறையின் நலம் விசாரிப்பு, சாப்பிட்டாயிற்றா என்பதுதான். மலேசியத் தமிழர்களைக் கேளுங்கள், மலாய்க்கார அண்டைவீட்டார் நாள்தோறும் அவர்களிடம் “சுடா மாக்கான்?” என்கிறார்கள். அதற்கும் அதே பொருள். சோற்றுக்கு வானத்தையும் வயலையும் நம்பிக் கிடந்த மண்ணில் இந்தக் கேள்வி சும்மா முளைத்திருக்காது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரவர் தாத்தாவே நேரில் கண்டு சொன்னது போலப் பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் “சாப்பிட்டாச்சா?” என்றால், இல்லை என்று பதில் வந்தால் இலை போடத் தயார் என்று பொருள்.

ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயில் ஏற ஏற ஒரு பிள்ளை மயங்கி விழும். தண்ணீர் தெளித்து எழுப்பி நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, “காலையில என்ன சாப்ட்ட?” பெரும்பாலும் பதில் தரையைப் பார்த்துத்தான் வரும். காமராசர் காலத்தில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு விரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டியும் திண்ணையிலிருந்து கேட்ட கேள்வியை அரசாங்கம் கேட்க இவ்வளவு காலம் ஆயிற்று. கேட்டபோது சட்டியோடு வந்து கேட்டது. கொடை வினாவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த உரையாசிரியரிடமும் கிடைக்காது.

கேள்விக்கு இருக்கும் அழகு பதிலுக்கும் உண்டு. நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். “ஆச்சு” என்றால் நேர்விடை. “இல்லை” என்றால் மறைவிடை. “சாப்பிடாம இருப்பேனா?” என்றால் வினா எதிர் வினாதல். “இப்பதான் உலை வெச்சிருக்கேன்” என்று சொல்லாமல் சொல்வது ஒன்று. “வயிறு சரியில்லை” என்பது உற்றது உரைத்தல். “சாப்பிட்டா தூக்கம் வந்துரும்” என்பது உறுவது கூறல். நம் ஊர் மரியாதை வேடிக்கையானது. பசியோடு வந்தவர், “இப்பதான் ஆச்சு” என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியும். “ஒரு வாய் மோராவது குடிங்க” என்பார். மோர் மோர்சாதமாகும், மோர்சாதத்துக்கு ஊறுகாய் வரும், பிறகு குழம்பு வரும். மூன்றாவது மறுப்புக்குப் பிறகு கையலம்புவது நம் நாகரிகம். கேள்வியும் பதிலும் இரண்டுமே உண்மை இல்லை. ஆனால் இலையில் விழுந்த சோறு உண்மை.

அடுத்து வானிலை. எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஜூன் பிறந்துவிட்டால் எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, “சாரல் உண்டா? அருவியில தண்ணி விழுதா?” என்பதுதான். கூப்பிடுகிறவர் குற்றாலத்துக்கு வரப்போவதில்லை. பம்பாயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளாக அஞ்சலட்டையில் இதைக் கேட்டார். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்றின் ஈரத்தை அவர் அந்த அட்டையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய கடிதங்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். “நலம். நலமறிய அவா. அங்கே மழை உண்டா?” என்று எழுதிவிட்டு, “நிற்க.” என்று ஒரு சொல் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் கடன், கல்யாணம், வழக்கு என்று காரியம் வரும். “நிற்க” என்பதற்கு முன்னால் இருப்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நான் இளவயதில் தாண்டிப் படித்ததுண்டு. பிறகுதான் புரிந்தது: காரியம் முழுவதும் அந்த “மழை உண்டா?”வுக்குள் அடங்கியிருக்கிறது. மழை உண்டென்றால் கிணற்றில் தண்ணீர் உண்டு, நாற்று உண்டு, தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் உண்டு. இல்லையென்றால் “நிற்க”வுக்குப் பின்னால் கடன்தான் வரும்.

நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நமக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் வருகிறது. அதுவும் வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வின் மனநிலையைப் பொறுத்தது. அதனால் நம் மழைப்பேச்சு எப்போதும் ஐய வினாவாகவே இருக்கிறது. “வருமா, ஏமாத்திருமா?” சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792லேயே வானாய்வு நிலையம் கட்டினார்கள். இன்று காலை 8.30 மணிக்கு எடுத்த மழையளவு ஒன்பது மணிக்குள் கைப்பேசியில் வந்துவிடுகிறது. என்றாலும் தெருமுனையில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து, “கறுத்திருக்கு, ஆனா காத்து கலைச்சிரும்” என்று சொல்லிக்கொள்வது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? வானத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் பெரியவர் இல்லை. மாவட்ட ஆட்சியரும் கீரைக்கார அம்மாவும் மழைக்கு முன் ஒரே தகுதிதான். தவறாகச் சொன்னாலும் யாருக்கும் மானம் போகாது. இருவர் சமமாக நின்று பேசத் தோதான பொதுநிலம் வானம்.

மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். “கத்திரி முடிஞ்சும் அடங்கலியே” என்று மே 29 அன்று புலம்பாத தமிழன் உண்டா? மார்கழியில் “மாவு புளிக்கவே மாட்டேங்குது” என்று ஒரு வீட்டில் குரல் எழும். “ராத்திரி வெந்நீர்ப் பானை பக்கத்துல வெச்சுப் பாருங்கக்கா” என்று அடுத்த வீட்டிலிருந்து யோசனை வரும். வானிலை அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டது பாருங்கள். கார்த்திகையில் துணி காயாது, பங்குனியில் வடகம் காயும். வானிலை அறிக்கை சொல்லாத வானிலை எல்லாம் மொட்டைமாடிக் கொடியில் தொங்குகிறது.

வீட்டு வேலைப் பேச்சுக்கு வருவோம். இங்கேதான் ஆண்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். “காபி ஆச்சா?” “துணி மடிச்சாச்சா?” “என் சட்டை எங்கே?” இவையெல்லாம் பார்க்கக் கேள்விபோல் இருக்கும். இலக்கணப்படி ஏவல் வினா. பக்கத்து வீட்டு அக்கா, “என்ன சமையல்?” என்று கேட்டால் ஒரு கிண்ணம் குழம்பு கைமாறும். அதையே கணவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டால் மேற்பார்வை. சொல் ஒன்று, வினா வேறு. ஓய்வு பெற்ற பிறகு என் மனைவி எனக்கு இந்தப் பாடத்தை நடத்தினார். “என்ன சமையல்?” என்றேன். “நீங்க வெங்காயம் உரிச்சா வெங்காய சாம்பார், உரிக்கலைன்னா ரசம்” என்றார். அன்றிலிருந்து கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்கிறேன். என் கேள்வி கொடை வினாவாகிவிட்டது; சாம்பாரும் கிடைக்கிறது.

சென்னைத் தெருக்களில் வேலைப் பேச்சின் தலைமைக் கேள்வி, “தண்ணி வந்துச்சா?” 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது இந்த ஒரே கேள்வியில்தான் நகரம் விடிந்தது. அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்ததே, நினைவிருக்கிறதா? எங்கள் தெருவுக்கு லாரி வரும் நேரம் எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது. “கோயில்கிட்ட வந்துருச்சாம்” என்று மாடிக்கு மாடி குரல் கடக்கும். வரிசையில் என் குடத்தை வைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினால், யாரோ அதை நகர்த்தி நகர்த்தி முன்னால் கொண்டுவந்திருப்பார்கள். குழாயடிச் சண்டையைப் பற்றி நிறையச் சொல்வார்கள். இந்தக் குடம் நகர்ந்த கதையை யாரும் எழுதவில்லை.

இனி மாலைப் பொழுது. சென்னை வானொலி 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. மாநகராட்சிப் பூங்காக்களில் ஒலிபெருக்கி வைத்து மாலையில் செய்தியும் பாட்டும் கேட்கவைத்த காலம் உண்டு. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு சேர்ந்து கேட்டால்தான் உண்டு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி வந்தது. சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் முதலில் ஒரே வீட்டில்தான் பெட்டி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் அந்த வீட்டின் கூடம், திண்ணை, ஜன்னல் கம்பி எல்லாம் தலைகள். அந்த வீட்டு அம்மா யாரையும் வராதே என்று சொன்னதில்லை. “செருப்பை மட்டும் வெளியில விட்டுட்டு வாங்கடா” என்பார். சனிக்கிழமை காலையில் தெரு முழுக்க ஒரே பேச்சு. ஏனென்றால் தெரு முழுக்க ஒரே பெட்டி.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. 1999 கடைசியில் ‘சித்தி’, 2002இல் ‘மெட்டி ஒலி’ என்று தொடர்கள் வீடு வீடாகக் குடியேறின. அறிவாளிகள் அவற்றைப் பழித்தார்கள், நானும் பழித்தேன். ஆனால் மறுநாள் காய்கறி வண்டியைச் சுற்றி நடந்த பேச்சை நான் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறேன். “நேத்து என்னக்கா ஆச்சு?” என்று கேட்கிறவர் முதல் நாள் தொடரைப் பார்த்தவர்தான். விடை தெரிந்தே கேட்கிறார். அறிவினா! எதற்குக் கேட்கிறார்? “அந்த மாமியார் செஞ்சது உங்களுக்குச் சரின்னு படுதா?” என்று அடுத்த வரியில் வந்துவிடும். தன் வீட்டு மாமியாரைப் பற்றித் தெருவில் வாய் திறக்க முடியாத ஒரு பெண், தொடரின் மாமியாரை நடுவில் நிறுத்தி நியாயம் கேட்கிறாள். சுற்றி நிற்பவர்களுக்கும் யாருடைய வழக்கு நடக்கிறது என்று தெரியும். தீர்ப்பும் தொடரின் பாத்திரத்துக்கே சொல்லப்படும். “அவ பொறுமையா இருந்தது போதும், இனி தனியாப் போகட்டும்” என்பார்கள். சங்கத் தலைவி கடலிடமும் கழியிடமும் சொல்லி ஆறிய மரபில் வந்தவர்கள், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே உள்ளுறை பேசினார்கள்.

இன்று அந்த ஒரே பெட்டி உடைந்து ஆளுக்கொரு கைப்பேசி ஆகிவிட்டது. ஒரே கூடத்தில் நான்கு பேர் நான்கு படம் பார்க்கிறோம், காதில் செருகிக்கொண்டு. “பாத்தியா?” என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவன் அதைப் பார்த்திருக்கவே மாட்டான். இதற்காக ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. பிடித்ததைப் பார்க்கிற சுதந்திரம் நல்லதுதான். அன்று ஜன்னல் கம்பியில் தொங்கிப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இழப்பு எது என்று தெரிந்து இழக்க வேண்டும். நாம் இழந்தது நிகழ்ச்சியை அல்ல, மறுநாள் காலையை.

எல்லாச் சிறுபேச்சும் இனிது என்று சொல்லிவிட்டு இறங்கினால் நான் பொய்யன். ஐந்து வினா சொல்லிவிட்டேன். ஆறாவது பாக்கி இருக்கிறது. கொளல் வினா. “தம்பி, எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?” கேட்கிறவர் புன்னகையோடுதான் கேட்பார். மூன்றாவது கேள்வியில் அவர் தேடுவது சாதி என்று கேட்கப்படுகிறவனுக்குத் தெரியும். “வீட்டுல கவிச்சி சமைப்பீங்களா?” என்று வீடு பார்க்க வந்தவரிடம் கேட்பது சமையல் விசாரணை இல்லை. கல்யாணமாகி ஆறு மாதமான பெண்ணிடம், “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்கிறோமே, அதற்கு ‘இல்லை’ என்று எத்தனை முறை அவள் சொல்லவேண்டியிருக்கும்? இவை எதுவும் கொடுக்கக் கேட்பவை அல்ல. எடுத்துக்கொண்டு போய் எடைபோடக் கேட்பவை. வள்ளுவரின் இருபதாவது அதிகாரம் இவற்றுக்குத்தான்.

இன்னொன்று. திண்ணைப் பாட்டி தெருவில் போகிற எல்லாரையும் கேட்டார். நாம் எல்லாரையும் கேட்கிறோமா? பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் நம் முதல் வாக்கியம், “ஏன் இவ்வளவு நேரம்?” குப்பை எடுக்க வருகிறவரிடம் அதுவும் கிடையாது, வாளியை நீட்டுவதோடு சரி. சோறு கொண்டுவந்து தருகிற இளைஞனிடம், அவன் சாப்பிட்டானா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. நம்மில் பலருக்கு “சாப்பிட்டாச்சா?” என்பது படி ஏறி வரத் தகுதி உண்டென்று நாமே முடிவுசெய்தவர்களுக்கு மட்டுமான கேள்வியாக இருக்கிறது.

இதையெல்லாம் எனக்கு முழுதாகப் புரியவைத்தது ஓர் இரவு. 2015 டிசம்பர் 1. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு கரை மீறி, நள்ளிரவில் எங்கள் தெருவுக்குள் வந்தது. மின்சாரம் இல்லை. கைப்பேசி எல்லாம் ஊமையாகிவிட்டன. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரால் மாடி ஏற முடியாது என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது இருந்தது எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: “அந்தப் பச்சை கேட்டு வீட்டுப் பாட்டிக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்க. எதிர்வீட்டுத் தாத்தா காதுல மிஷின் இல்லாமத் தூங்குவாரு, கதவை உடைக்கணும். கடைசி வீட்டுப் பொண்ணுக்கு இது ஒம்பதாம் மாசம்.” இத்தனையும் அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நாளும் துணி வாங்கும்போது, “என்னம்மா, முட்டி வலி தேவலையா?” “தாத்தா சாப்பிட்டாரா?” “இந்த வெயில்ல ஏன் தாயி நடக்குற?” என்று கேட்டிருக்கிறார். நாங்கள் அதை வளவளப்பு என்று நினைத்து, “சட்டைக்கு மடிப்பு சரியா வரட்டும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள். அந்த வளவளப்பில் சேர்ந்த செய்தியைக் கொண்டு அன்றிரவு மூன்று வீட்டுக்காரர்களை மாடிக்குத் தூக்கிவந்தோம். அவரோடு பத்து ஆண்டு பழகிய எனக்கு, அவர் வீடு ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகவே என் விடைத்தாளைத் திருத்திக்கொள்கிறேன். கடைசி வரிசை மாணவியே, உன் ஆயா கேட்டது அறியா வினா அல்ல. கொடை வினா. “உனக்குப் பசித்தால் என் வீட்டில் கஞ்சி உண்டு” என்பதைத்தான் அவர் ஒரு நாளைக்கு ஐம்பது முறை, ஐம்பது பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலோருக்குத் தேவைப்படவில்லை, அதனால் அது வெறும் பேச்சுப்போலத் தெரிந்தது. தேவைப்பட்ட ஒருவர் எப்போதாவது நின்றிருப்பார்.

நண்பர்களே, உங்களிடம் நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவரிடம், இதுவரை நீங்கள் கேட்டிராத ஒருவரிடம், “சாப்பிட்டாச்சா?” என்று கேளுங்கள். இந்த நூலகக் காவலாளியிடமிருந்தே தொடங்கலாம். மாலை முழுக்க வாசலில் நிற்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. நாம் கேட்டுக்கொண்டே நடந்துவிடுகிற பழக்கம் உள்ளவர்கள். பழைய கடிதத்தில் எழுதுவார்களே, அந்தச் சொல்லைத்தான் உங்களுக்கும் எழுதித் தருகிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்க.

எட்டு மணியாவதற்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, அம்மா; சீரியலுக்குப் போய்விடலாம்.